செம்மறிக்கு மலையில் இடம் உண்டா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரக் கிராமம் எங்களுடையது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து 220 உருப்படிகள் வைத்திருக்கிறார்கள். அதில் 180 செம்மறி, மீதி வெள்ளாடு. வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் ஆடுகளை மலைக்கு ஓட்டுவதும், அறுவடை முடிந்ததும் இறக்கிக்கொண்டுவந்து எருவுக்காக வயல்களில் இரவில் அடைத்துக் கிடை போடுவதும் தாத்தா காலத்து வழக்கம். வனத்துறை அன்று கொடுத்த மேய்ச்சல் சீட்டுகள் சில இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. புலிகள் காப்பகம் வந்த பிறகு உள்ளே விடுவதில்லை; மீறி நுழைந்தால் அபராதம். புல்லைத் தின்னும் செம்மறியால் புலிக்கு என்ன நட்டம்? நாங்கள் பழங்குடியினர் அல்ல. சட்டத்தில் எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா? இல்லையென்றால் கிடையை விற்றுவிட்டு வேறு தொழில் பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடவா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: வன உரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உரிமை கையில் வரும்வரை ஆடுகளை மலைக்குள் ஓட்டாதீர்கள். "தாத்தா மேய்த்த இடம், யார் தடுப்பது பார்ப்போம்" என்று இளவட்டங்கள் கிளம்பினால் நீங்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

காரணம் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலை சரணாலயங்களை இணைத்து 2021 பிப்ரவரியில் நாட்டின் 51வது புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர். அடுத்த ஆண்டு மார்ச்சில், தேனி மாவட்டக் காடுகளில் மாடு மேய்ப்பது தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பவே, அதே மாதத்தில் அந்த உத்தரவு திருத்தப்பட்டு, தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. உங்கள் மலை அந்தச் சுருங்கிய வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எனவே உங்களைத் தடுக்கும் வனக்காப்பாளர் தன் சொந்தக் கோபத்தைக் காட்டவில்லை. அவர் கையில் நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. மாட்டைப் பற்றிய உத்தரவு ஆட்டுக்குப் பொருந்தாது என்று உங்கள் ஊரில் யாராவது வாதாடினால் நம்பாதீர்கள். வனச் சட்டம் 'கால்நடை' என்று சொல்லும்போது செம்மறி, வெள்ளாடு, குட்டிகள் எல்லாம் அதில் அடக்கம்.

அபராதம் பற்றி ஒரே வார்த்தை: ரசீது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், நிரப்பாத தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். பழைய அபராத ரசீது வீட்டில் இருந்தால் வெட்கப்பட்டுக் கிழித்துப் போட்டுவிடவும் வேண்டாம். அது எதற்குப் பயன்படும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, உங்கள் குடும்பம் மேய்த்த இடம் எந்த வகைக் காடு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மலை முழுவதும் ஒரே காடு. சட்டத்துக்கு அப்படி இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 35வது பிரிவு தேசியப் பூங்காவுக்குள் எந்தக் கால்நடையும் மேயக் கூடாது என்று கதவைச் சாத்திவிடுகிறது. சரணாலயத்துக்கு 33வது பிரிவு வேறு மொழியில் பேசுகிறது. வனவிலங்கு நலனை முன்னிட்டு மேய்ச்சலை "ஒழுங்குபடுத்தலாம், கட்டுப்படுத்தலாம் அல்லது தடை செய்யலாம்" என்பது அதன் சாரம். தடை என்பது அங்கே மூன்றாவதாகத்தான் வருகிறது. புலிகள் காப்பகத்திலும் மையப் பகுதி வேறு, அதைச் சுற்றியுள்ள இடைப்பகுதி வேறு. இடைப்பகுதியில் உள்ளூர் மக்களின் வாழ்வாதாரத்தையும் கணக்கில் கொண்டு காட்டைக் காக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 38V பிரிவு சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, காப்பகத்தின் மைய, இடைப்பகுதி எல்லை வரைபடத்தையும் அறிவிக்கையையும் வாங்குங்கள். பிறகு அப்பாவையும் சித்தப்பாவையும் உட்கார வைத்து, எந்த ஓடை, எந்தப் பாறை, எங்கே பட்டி அடைத்தோம், எங்கே தண்ணீர் காட்டினோம் என்று கேட்டு அதன்மேல் குறியுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் என்னிடம் வரும் மனுக்கள்தான் அதிகம். எல்லோரும் "எங்கள் மலை" என்கிறார்கள், எந்த இடம் என்று கேட்டால் கையை வீசிக் காட்டுகிறார்கள்.

பழங்குடி அல்லாதவருக்கு உரிமை உண்டா என்றால், உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு மட்டும் ஆனதல்ல, 'இதர பாரம்பரிய வனவாசிகள்' என்ற பிரிவும் அதில் இருக்கிறது. மேய்ச்சல் உரிமையை அந்தச் சட்டத்தின் 3(1)(d) பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நிலையாகத் தங்கி மேய்ப்பவர், பருவத்துக்குப் பருவம் இடம் மாறி மேய்ப்பவர் ஆகிய இரு தரப்பும் அதில் உண்டு. பயிர்க் காலத்தில் ஏறி அறுவடைக்குப் பின் இறங்கும் உங்கள் வழக்கத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியிருக்க முடியாது. சரணாலயமும் தேசியப் பூங்காவும் 'வன நிலம்' என்பதில் அடங்கும் என்றும் அந்தச் சட்டமே வரையறுக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறைகளாக, அதாவது 75 ஆண்டுகளாக, வாழ்வாதாரத்துக்கு அந்தக் காட்டை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930 வருகிறது. இங்கேதான் பலர் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள், அதிகாரிகளில் சிலரும் இதையே சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். 1930இல் உங்கள் கொள்ளுத்தாத்தா பெயருக்குப் பட்டா இருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. காட்டுக்குள்ளேயே குடியிருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை; வெளியே குடியிருந்து காட்டை நம்பிப் பிழைத்தவருக்கும் பொருந்தும் என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2008லேயே விளக்கம் கொடுத்துவிட்டது. சான்றும் ஒரே வகையில் இருக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் விதி 13 தரும் பட்டியலைப் பாருங்கள்: அரசிதழ்கள், நிலவரித்திட்ட ஆவணங்கள், வனத்துறைப் பதிவுகள், ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம். சமூக உரிமைக்கு இவற்றோடு பாரம்பரிய மேய்ச்சல் தரைகள், கால்நடைக்குத் தண்ணீர் காட்டிய நீர்நிலைகள், காட்டுக்குள் இருக்கும் கோயில் மரம், இடுகாடு போன்றவையும் சான்றாகும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருந்தால் போதும். குறிப்பிட்ட ஓர் ஆவணம் இருந்தால்தான் மனுவைப் பார்ப்போம் என்று, கிராம சபைக்கு மேலே மனுவைப் பரிசீலிக்கும் குழுக்கள் அடம்பிடிக்கக் கூடாது என்று 2012இல் விதியையே திருத்தினார்கள்.

இப்போது ரசீதுக்கு வருவோம். மேய்ச்சல் சீட்டும் அபராத ரசீதும் வனத்துறையே எழுதிக் கொடுத்த ஆவணங்கள். எந்த ஆண்டில், எந்தச் சரகத்தில், யாருடைய எத்தனை ஆடுகள் மேய்ந்தன என்பது துறை முத்திரையோடு அதில் இருக்கும். உங்கள் தாத்தாவைத் தண்டிப்பதற்காக எழுதிய காகிதம் பேரனுக்குச் சாட்சி சொல்லும். டிரங்குப் பெட்டியில் உள்ளவற்றைப் பூச்சி அரிப்பதற்குள் படம் எடுத்து, நகலில் சான்றொப்பம் வாங்கி வையுங்கள்.

விண்ணப்பத்தை உங்கள் குடும்பத்தின் பெயரில் தனியாகப் போடாதீர்கள். ஊரில் ஆடு வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து, சமூக உரிமைக்கான 'ஆ' படிவத்தில், கிராம சபை வழியாகப் போடுங்கள். கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழு இடத்தை நேரில் பார்த்துச் சரிபார்க்கும். அது கோட்ட அளவிலான குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். நிராகரித்தால் 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். சுதந்திர தினக் கிராம சபையில் சாலை, குடிநீர்த் தீர்மானங்களோடு பத்தோடு பதினொன்றாக இதையும் வாசித்துக் கைதட்டி முடித்தால் செல்லாது. உறுப்பினரில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். ஆட்டோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. மேய்ப்பவர்களின் மனுவை அவர்களோ அவர்களுடைய பிரதிநிதிகளோ ஊரில் இருக்கும் நேரத்தில்தான் சரிபார்க்க வேண்டும் என்கிறது விதி. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போடப் போயிருக்கும்போது வந்து "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

மலைமாடு வைத்திருப்பவர்களுக்காகப் பேச இன்று ஆள் இருக்கிறது. ஜல்லிக்கட்டின் செல்வாக்கில் அவர்கள் குரல் சென்னைவரை கேட்கிறது. செம்மறிக்கு அந்தப் பெருமை இல்லை. ஊரே சேர்ந்து மனுப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, "செம்மறியால் என்ன நட்டம்" என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளாத ஒரே வரி அதுதான். நட்டம் இருக்கிறது. ஆனால் அது உங்கள் ஊர்க்காரர்களும் வனத்துறையும் சண்டை போட்டுக்கொள்ளும் இடத்தில் இல்லை.

மலையின் மேல்தட்டில் புல்வெளியும் செங்குத்துப் பாறையும் சேர்ந்த இடத்தில் வாழ்வது வரையாடு. நம் மாநில விலங்கு அது. அதற்காகத் தமிழக அரசு 2022இல் தனித் திட்டமே தொடங்கியது. உங்கள் மலைத்தொடரிலும் அது இருக்கிறது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் அது உறவுக்கார விலங்கு. வரையாடும் நம் ஆடும் ஒரே புல்லைத் தின்னும், ஒரே கசத்தில் தண்ணீர் குடிக்கும், ஒரே நோய்க்குச் சாகும். ஆட்டுக்கொல்லி நோய் ஒரு கிடையில் புகுந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும்: மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிச்சல் கண்டு, ஒரு வாரத்தில் பட்டி பாதியாகிவிடும். 2016 கடைசியில் மங்கோலியாவில் அதே நோய் மேய்ச்சல் ஆடுகளிடமிருந்து சைகா என்ற காட்டு மானினத்துக்குத் தாவியது. அங்கிருந்த சைகாக்களில் பாதிக்கு மேல் சில மாதங்களில் அழிந்தன. நம் பக்கத்திலும் 1968இல் மாட்டினத்தைத் தாக்கும் வெக்கை நோய் முதுமலை, பந்திப்பூர்க் காட்டெருமைகளை வாரிக்கொண்டு போனது. சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும், தடுப்பூசி போடாத கால்நடையைச் சரணாலயத்துக்குள் ஓட்டக் கூடாது என்று வனவிலங்குச் சட்டத்தில் 33A என்ற பிரிவே சேர்க்கப்பட்டது இப்படிப்பட்ட பயத்தால்தான். ஆகவே ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, ஆட்டம்மை, கோமாரி தடுப்பூசிகளைக் கால்நடை மருத்துவர் கையெழுத்தோடு ஓர் அட்டையில் பதிந்து வாருங்கள். மனுவோடு அதையும் இணைத்தால் எதிர்த் தரப்பின் வலுவான வாதம் ஒன்று அங்கேயே விழுந்துவிடும்.

அதற்காக மேய்ச்சலை அடியோடு நிறுத்துவதுதான் காட்டுக்கு நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் எருமைகளை ஒரே நாளில் வெளியேற்றினார்கள். கிராமத்தவர்கள் எதிர்த்ததில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகு நடந்தது என்ன? மேய ஆளில்லாமல் நீர்ப்புல் மண்டிச் சதுப்பை மூடியது, பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. எருமையும் அந்தச் சதுப்பின் ஒரு பகுதிதான் என்று ஆராய்ச்சி சொன்னபோது காலம் கடந்திருந்தது.

செம்மறியை வைத்தே நடக்கும் பெரிய தகராறு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் நடக்கிறது. அது 1951 முதல் தேசியப் பூங்கா. அதில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் ஊர்ப் பொது மேய்ச்சல். மேய்ப்பவர்களுக்குச் சட்டப்படி அமைந்த சொந்த மன்றமே 1985 முதல் உண்டு. முன்பு தலைக்கு இவ்வளவு என்று அரசு மானியம் கொடுத்ததால் ஆடுகள் பெருகின. குளிர்காலத்தில் புல் சத்திழந்ததும் செம்மறி அங்குள்ள குறுஞ்செடிகளைக் கடித்தது, செடி குறைந்தது. பிறகு ஆட்டைக் குறைத்துக்கொள்வதற்குப் பணம் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தங்கள் முடியும் தறுவாயில், 2023இல், இன்னும் பெரிய வெட்டு வேண்டும் என்று இயற்கைப் பாதுகாப்புத் துறை கடிதம் அனுப்ப, விஷயம் நாடாளுமன்றம்வரை போனது. அரசு அமைத்த ஆய்வுக் குழு அந்த டிசம்பரிலேயே அறிக்கை கொடுத்தது. குளிர்காலச் செம்மறி மேய்ச்சலைக் குறைக்க வேண்டும் என்றும், முரட்டு மோலினியாப் புல் நிலத்தை அடைத்துக்கொண்டுவிட்டதால் கோடையில் மாடும் மட்டக்குதிரையும் இன்னும் அதிகமாக மேய வேண்டும் என்றும் அது சொன்னது. மேய்ச்சல் கூடினால் கேடு, குறைந்தால் நன்மை என்ற ஒற்றைக் கணக்கு அங்கே உதவவில்லை. எந்தக் கால்நடை, எந்த மாதத்தில், எந்தச் சரிவில் என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்பது அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்குப் பட்டது. இங்கே நாம் அந்தப் பேச்சையே இன்னும் தொடங்கவில்லை. ஒரு பக்கம் "முழுத் தடை", மறு பக்கம் "முழு உரிமை".

எனவே கிராம சபை வைக்கும் மனுவில் உரிமையைக் கேட்பதோடு கட்டுப்பாட்டையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். வன உரிமைச் சட்டம் உரிமையோடு காட்டையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் பொறுப்பையும் கிராம சபைக்குத் தருகிறது. உங்கள் மலையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் அந்தப் பேச்சு கட்டாயம் எழும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: மையப் பகுதியும் வரையாடு வாழும் மேல்தட்டும் வேண்டாம். இடைப்பகுதியில் அடிவாரச் சரிவுகள் மட்டும், பயிர் நிற்கும் மாதங்களில் மட்டும். கோடையில், தீப் பருவத்தில், ஒரு ஆடும் உள்ளே போகாது. குடும்பத்துக்கு இத்தனை உருப்படி என்று ஊர்க் கட்டுப்பாடு. இரவில் காட்டுக்குள் பட்டி இல்லை, மாலையில் இறக்கிவிடுவோம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு சரிவை விட்டுவைப்போம்.

அத்தோடு வெள்ளாடு கூடாது. இது உங்கள் சித்தப்பாவுக்குக் கசக்கும். செம்மறி தலையைக் குனிந்து தரையோடு புல்லைக் கடிக்கும். வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து நின்று கொழுந்தைத் தேடும், முளைத்து வரும் மரக்கன்றை விடாது. வனத்துறை காலம் காலமாக வெள்ளாட்டின்மீது கூடுதல் கண்டிப்புக் காட்டிவருவது இதனால்தான். 40 வெள்ளாட்டுக்காக 180 செம்மறியின் மனுவைத் தோற்கவிடாதீர்கள்.

மலை கிடைக்காத மாதங்களுக்கும் வழி பார்க்க வேண்டும் அல்லவா? கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டைக் கேட்டு, உங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது மேய்ச்சலுக்கென்று ஒதுக்கிய அரசு நிலம், எத்தனை ஏக்கர் என்று பாருங்கள். பல ஊர்களில் பதிவேட்டில் மேய்க்கால், நேரில் போய்ப் பார்த்தால் ஆக்கிரமிப்பு அல்லது சீமைக்கருவேலம். அதை மீட்கக் கேட்பது மலைக்காகப் போராடுவதைவிட எளிது. மீட்ட நிலத்தைக் காட்டினால் "ஊரிலும் முயன்றார்கள்" என்று மாவட்டக் குழுவும் நினைக்கும்.

கிடையை விற்றுவிடலாமா என்ற கேள்விக்கு: முழுதும் விற்க வேண்டாம். மனு முடிய ஆண்டுகள் ஆகும், அதுவரை 220 உருப்படிக்கு அடிவாரத்தில் தீனி போதாது. வெள்ளாடுகளையும், ஈற்று ஓய்ந்த மறிகளையும் (பெண் செம்மறிகளையும்), தேவைக்கு மேல் நிற்கும் கிடாக்களையும் பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் விலை ஏறும்போது கழித்துவிடுங்கள். இளம் மறிகளை வைத்துக்கொண்டு 120 அளவில் நிறுத்துங்கள். கிடை போடுவதற்கு வயல்காரர்கள் கொடுக்கும் தொகையையும் இந்த ஆண்டு கொஞ்சம் உயர்த்திக் கேளுங்கள். ரசாயன உரத்தின் விலை அவர்களுக்கும் தெரியும்.